முக்கோணக் கண்ணாடி, ஆர்ச் ஜன்னல், கண்ணாடிக் கூரை: இவற்றுக்கு எப்படித் திரை போடுவது?

மார்ச் 3, காலை: கோவை வாசகரின் கேள்வி

கோயம்புத்தூரில் புதுவீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். மாடிப்படிக் கூடத்தில் மேற்குப் பார்த்து ஒரு பெரிய கண்ணாடி இருக்கிறது. ஐந்தடி அகலம், இடப்பக்கம் நான்கடி உயரம், வலப்பக்கம் ஏழடி. அதாவது கீழே நீள்சதுரம், மேலே முக்கோணம். எதுவும் திறக்காது. கிழக்குப் படுக்கையறை ஜன்னலின் தலையில் ஆர்ச். நடுமுற்றத்துக்கு மேலே எட்டுக்கு ஆறடியில் கண்ணாடிக் கூரை. கடைக்காரர்கள் நீள்சதுரத்துக்கு மட்டும் விலை சொல்லிவிட்டு, மற்றவற்றைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். எல்லாவற்றுக்கும் கறுப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்பது என் கட்சி. வீட்டில் ஒப்புக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி?

மார்ச் 3, இரவு

நீங்கள் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பது உங்கள் கண்ணாடியைப் பொறுத்தது.

புதுச்சேரியில் திரைச்சீலை தைத்துப் பொருத்தும் வேலை என்னுடையது. பழைய வீடுகளின் ஆளுயர ஜன்னல்களிலும் ஆர்ச்சுகளிலுமே என் காலம் பெரும்பாலும் கழிந்திருப்பதால், விற்பவன் கோணத்தை விட ஏணியில் நிற்பவன் கோணமே இங்கு அதிகம் வரும்.

கறுப்பு ஃபிலிம் கண் கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் வெயிலை அது திருப்பி அனுப்புவதை விடக் குடித்துவிடுவதே அதிகம். குடித்த வெயில் கண்ணாடியைச் சூடாக்கும். சூடான கண்ணாடி பக்கத்தில் நிற்பவர் மேல் அனலடிக்கும். சாதாரணக் கண்ணாடியில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெயில் படும் நடுப்பகுதி காய்ந்து விரிய, சட்டத்துக்குள் புதைந்த ஓரம் குளிர்ந்தே கிடக்க, அந்த இழுபறியில் ஓரத்திலிருந்து விரிசல் கிளம்பலாம். டஃபன்டு கண்ணாடி, அதாவது சூடேற்றி வலுவூட்டிய கண்ணாடி, இதைப் பெரும்பாலும் தாங்கிவிடும். இரட்டைக் கண்ணாடியாக இருந்தால் ஒட்டுவதற்கு முன் அதைச் செய்து தந்தவரிடம் கேட்டே ஆக வேண்டும். ஆகவே முதலில் கண்ணாடியின் மூலையைப் பாருங்கள். டஃபன்டு என்றால் பெரும்பாலும் அங்கே ஒரு சிறு முத்திரை இருக்கும்.

பகலில் வெளியிலிருந்து எதுவும் தெரியாது என்று விற்கப்படும், முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஃபிலிம், இரவில் உள்ளே விளக்கைப் போட்டதும் கட்சி மாறிவிடும். அப்போது தெருவுக்கு நீங்கள் தெரிவீர்கள், உங்களுக்குத் தெரு தெரியாது.

(காரில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது வீட்டு ஜன்னலுக்கும் பொருந்துமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பொருந்தாது. மாடிப்படியில் போலீஸ் வண்டியை மறிக்காது.)

மார்ச் 4

துணி, நிறம், மோட்டார் எல்லாம் அப்புறம் ஆகட்டும். உங்கள் மூன்று ஜன்னல்களுக்கும் வெயில் மூன்று விதமாக வருகிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே மருந்தை மூன்றுக்கும் கொடுப்பதுதான் உங்கள் திட்டத்தின் கோளாறு.

கிழக்கு ஜன்னலுக்கு வருவது காலை வெயில். தூக்கத்தைக் கெடுக்குமே தவிர அறையைப் பெரிதாக வாட்டாது. கூரைக்கு வருவது உச்சி வெயில். மேற்குக் கண்ணாடிக்கு வருவதோ ஏற்கெனவே காய்ந்து கிடக்கும் வீட்டின் மேல் கிடைமட்டமாகப் பாயும் சாயங்கால வெயில். இந்தப் பருவத்தில் மாலை நாலே முக்கால் வாக்கில் சூரியன் தொடுவானத்திலிருந்து ஏறக்குறைய 25 பாகை உயரத்தில் இருக்கும். அப்போது மேற்குச் சுவரில் இரண்டடி நீட்டிய சன்ஷேடு தரும் நிழல் ஓரடிகூட வராது. உங்கள் கண்ணாடி ஏழடி. ஆறடிக்கு மேல் திறந்த வெயில்.

உள்பக்கம் திரை போட்டாலும், கண்ணாடியைத் தாண்டிய வெயில் துணியில் பட்டுச் சூடாக மாறிய பின் அந்தச் சூடு எளிதில் வெளியேறாது. வெளியே பார்க்கும் முகம் வெள்ளையாக இருக்கும் துணி ஒரு பங்கை ஒளியாகவே திருப்பி அனுப்பும். அடர்ந்த நிறம் அதையும் செய்யாது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதற்கு ஈடு எதுவும் இல்லை. எங்கள் ஊரின் பழைய வீடுகளில் சாய்சட்டம் வைத்த மரக்கதவுகள் ஜன்னலுக்கு வெளியே இருப்பதும், உள்ளே மெல்லிய துணி மட்டும் தொங்குவதும் அழகுக்காக மட்டும் வந்த ஏற்பாடு அல்ல.

மார்ச் 4, பிற்பகல்

இன்னொரு கேள்வி: இவற்றில் எந்தப் பகுதி திறந்து மூட வேண்டும்? முக்கோணத்தைத் தினமும் யார் திறக்கப்போகிறார்கள்? கோணலான வடிவங்களுக்கு ஆகும் செலவில் பெரும்பகுதி, அசைய வேண்டிய தேவையே இல்லாததை அசைய வைப்பதற்கே போகிறது.

மார்ச் 7

முக்கோணத்துக்கு வருகிறேன். சேலத்து நண்பர் ஒருவர் சாய்வான டிராக்கில் நீளத் திரை தொங்கவிடலாம் என்கிறார். வரைபடத்தில் மிக அழகாக இருக்கும். தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்ப்போம்.

ஐந்தடி அகலத்தில் டிராக் மூன்றடி ஏறுகிறது. ஒவ்வொரு மடிப்பும் அது தொங்கும் இடத்தின் உயரத்துக்கு ஏற்ப வெட்டப்பட்டிருக்கும். முழுக்க மூடியிருக்கும்போது அடிவிளிம்பு நேர்கோடாக நிற்கும். உயரமான பக்கத்துக்கு ஓரடி தள்ளினால் ஒவ்வொரு மடிப்பும் ஏழு அங்குலம் மேலே போய்விடும். அடியில் படிக்கட்டு தெரியும். தாழ்ந்த பக்கத்துக்குத் தள்ளினால் அதே ஏழு அங்குலம் கீழே இறங்கித் தரையில் குவியும். போதாக்குறைக்கு, பூட்டில்லாத ஓடுகொக்கிகள் தாமாகவே சரிவில் வழுக்கி இறங்கும். மூடியபடியே வைத்திருக்கப்போகும் திரைக்கு இது பொருந்தும். ஆனால் அசையாத திரைக்கு ஓடும் டிராக் எதற்கு?

நான் செய்வது இது. நான்கடி உயரம் வரையுள்ள நீள்சதுரத்துக்குச் சாதாரண ரோலர் பிளைண்ட், அதாவது மேலே உருளையில் சுருண்டு ஏறி இறங்கும் திரை. மேலேயுள்ள முக்கோணத்துக்கு ஓரங்குல ரீப்பரில் சட்டம் செய்து, துணியை இழுத்து வெல்க்ரோவில் ஒட்டி, சட்டத்தை நான்கு திருகில் நிறுத்திவிடுவது. துணி இரண்டுக்கும் ஒரே சுருளிலிருந்து வர வேண்டும். வேறு வேறு முறை வாங்கிய வெள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் சண்டை போடும். பருத்தி வேண்டாம், முதல் சலவையிலேயே சுருங்கிச் சட்டத்துக்குள் உட்கார மறுக்கும். அடியிலும் உச்சியிலும் அரை அங்குலம் இடைவெளி விட்டால் நடுவில் அடைபடும் சூடு கொஞ்சம் வெளியேறும்.

அந்த இடைவெளி வழியாகப் பல்லி உள்ளே போகும். போன பல்லி நிழற்கூத்து காட்டும். அதனால்தான் சட்டத்தை ஆணியடிக்காமல் கழற்றும்படி செய்யச் சொல்கிறேன்.

மார்ச் 8

மேலே சொன்னதற்கு ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். உங்கள் முக்கோணம் மாடிப்படிக்கு மேலே, தரையிலிருந்து பதினெட்டு அடியில் இருப்பதாக இப்போது எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஏணி நிற்காது, படியின் மேல் சாரம் கட்ட வேண்டும். கழற்றித் துவைக்க ஒவ்வொரு முறையும் சாரம் கட்டும் வீட்டை நான் பார்த்ததில்லை. நடைமுறையில் அது துவைக்கப்படாமலேயே மஞ்சளாகும். ஆகவே முத்திரை இருந்தால், அதாவது கண்ணாடி டஃபன்டு என்றால், அந்த முக்கோணத்துக்கு மட்டும் உங்கள் ஃபிலிமே நல்லது. கறுப்பு வேண்டாம், வெயிலைத் திருப்பும் வகையாக எடுங்கள். பாதி சரி என்று முதலில் சொன்னது இதைத்தான். செலவுக்கு அஞ்சாவிட்டால் வெளிப்பக்கம் அலுமினியச் சாய்சட்டங்களை நிரந்தரமாக நிறுத்துவது இன்னும் மேல். அதற்கும் சாரம் வேண்டும், ஆனால் ஒரு தடவைதான்.

சாய்வான தலைச்சட்டத்தில் வெர்டிகல் பிளைண்ட் கிடைக்கிறதே என்று சேலத்து நண்பர் விடாமல் கேட்கிறார். கிடைக்கிறது. பட்டைகள் திரும்பி நின்றபடியே வெளிச்சத்தை விடும் என்பதால், ஒதுக்காமல் திருப்பி மட்டும் பயன்படுத்துபவருக்கு ஏற்றது. ஒதுக்கினால் நேற்றைய கணக்கேதான்.

மார்ச் 12

ஆர்ச். இதில் அளவெடுப்பதுதான் பாதி வேலை.

எல்லோரும் அரைவட்டம் என்றே சொல்கிறார்கள். நாடாவை வைத்தால் பல ஆர்ச்சுகள் அரைவட்டமாக இருப்பதில்லை. அகலத்தில் பாதி எவ்வளவோ அவ்வளவு உயரம் இருந்தால்தான் அரைவட்டம். உங்கள் அகலம் 48 அங்குலம், வளைவின் உயரம் 20 அங்குலம் என்கிறீர்கள். அரைவட்டமாக இருந்தால் 24 வந்திருக்க வேண்டும். அகலத்தின் வர்க்கத்தை உயரத்தின் எட்டு மடங்கால் வகுத்து, உயரத்தில் பாதியைக் கூட்டினால் ஆரம் கிடைக்கும்: 2304ஐ 160ஆல் வகுத்தால் 14.4, அதோடு 10, ஆக 24.4 அங்குலம். ஆனால் இது கொத்தனார் வட்டம் பிசகாமல் பூசியிருந்தால் மட்டும். பூச்சில் ஒரு பக்கம் கால் அங்குலம் தூக்கியிருப்பது சர்வசாதாரணம், அதைச் சூத்திரம் காட்டிக்கொடுக்காது. பிரவுன் தாளை வளைவில் அழுத்தி, விரல் நகத்தால் ஓரத்தைக் கீறி, அந்தக் கீறல் வழியே வெட்டுங்கள். எது உள்பக்கம், எது இடப்பக்கம் என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். எழுதாத தாள் தையற்கடையில் கவிழ்ந்துவிட்டால், இடம் வலம் மாறிய திரை வந்து சேரும்.

வடிவம் கிடைத்த பின் விசிறி மடிப்பா, மொட்டையாக விடுவதா என்ற கேள்வி. ஆர்ச்சின் அடி நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து வளைவு வரை மடிப்புகள் விசிறியாக விரிவது பார்க்க அரண்மனைக் களை. இதுவும் அசையாது. அரைவட்டமாயிருந்தால் 48 அங்குல அகலத்துக்கு வளைவின் நீளம் ஏறக்குறைய 75 அங்குலம். உங்களுக்கு அதைவிடச் சற்றுக் குறையும். மடிப்புக்காக ஒன்றரை மடங்கு எடுத்தாலே நூறு அங்குலத்துக்கும் மேற்பட்ட துணி முழுவதும் அந்த ஒற்றைப் புள்ளியில் வந்து நெருக்கியடிக்கும். வாயில் புடவைத் துணி போல மெல்லியது என்றால் பூப்போல ஒடுங்கும். லைனிங் கொடுத்த கனத்த துணியோ நடுவில் கொழுக்கட்டையாகத் திரண்டு நிற்கும்.

என் கருத்தைக் கேட்டால், ஆர்ச்சை விட்டுவிடுங்கள். ராடை வளைவுக்குக் கீழே, நேர்ச்சட்டத்தின் மட்டத்தில் போட்டு, ஜன்னலின் நீள்சதுரப் பகுதிக்கு மட்டும் திரை. ஆசைப்பட்டுக் கட்டிய வளைவைத் துணியால் மூடுவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

மார்ச் 13

ஆர்ச் வழியாக ஆறே முக்காலுக்கே வெயில் முகத்தில் அடிக்கிறது என்று உங்கள் மனைவி எழுதச் சொன்னாராம். கட்டில் எந்தச் சுவரில் இருக்கிறது? தலைமாட்டைக் கிழக்குச் சுவருக்கு மாற்றினால் தீராத சிக்கலா இது? மாற்ற இடமில்லை என்றால், ராடை ஆர்ச்சுக்கு மேலே அரையடி உயர்த்திச் சுவரோடு முழுத் திரையாகத் தொங்கவிட்டு, இரவில் மூடிப் பகலில் ஒதுக்குங்கள். ஒதுக்கியபோது துணி ஜன்னலை மறைக்காமலிருக்க, ராடு இரு பக்கமும் ஏழெட்டு அங்குலம் கூடுதலாக நீள வேண்டும். கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் ஐந்தடி, ஏழடி, ஒன்பதடித் திரைகளில் ஒன்பதடி உங்களுக்குச் சரியாக வந்துவிட்டால் தையற்கூலியும் மிச்சம்.

மார்ச் 20

சுவரைப் பற்றிப் பேசாமல் இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். அனுபவத்தில் சொல்கிறேன்: வடிவமைப்பைத் தீர்மானிப்பது துணியும் அல்ல, வடிவமும் அல்ல, திருகு எதில் பிடிக்கும் என்பதுதான்.

டிரில் போடும்போது தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், நல்லது. சாம்பலாக வந்து டிரில் முனகினால் ஜன்னலின் தலைமேல் ஓடும் கான்கிரீட் லிண்டல். ஹாமர் டிரில் வேண்டும், நடுவில் கம்பி தட்டினால் அரை அங்குலம் தள்ளிப் போட வேண்டும். வெள்ளையாகவோ வெளிர்சாம்பலாகவோ மாவு மாதிரி கொட்டி, முனை வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கினால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுக்குமிழி நிறைந்த எடை குறைந்த கான்கிரீட் கல். புதுவீடுகளில் இப்போது இதுதான் அதிகம். சாதாரண ரால் பிளக் அதில் அன்றைக்கு இறுகும், பிறகு மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வரும். அதற்கென்றே அகலப் புரி வைத்த பிளக் இருக்கிறது. அதை வாங்குங்கள், அல்லது பிராக்கெட்டை லிண்டலுக்கே ஏற்றிவிடுங்கள்.

எங்கள் ஊரின் பழைய சுண்ணாம்புச் சுவர் வேறு சாதி. இரண்டு செங்கல்லுக்கு நடுவிலுள்ள சாந்தில் துளை விழுந்தால் பிளக் வைக்க வைக்கக் குழி பெரிதாகிக்கொண்டே போகும். அங்கே நான் தனித்தனி பிராக்கெட் போடுவதில்லை. முதலில் ஒரு நீள மரப்பட்டையைச் செங்கல் கிடைக்கும் இடங்களில் பல திருகுகளால் இறுக்கி, அந்தப் பட்டையில் ராடைப் பொருத்துவேன். ஒரு திருகு கைவிட்டாலும் மற்றவை தாங்கும். பட்டைக்குச் சுவரின் நிறத்தையே அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது.

ஜன்னலின் கிரில் உள்பக்கம் இருந்தால், சட்டத்துக்குள் பிளைண்ட் உட்கார இரண்டரை மூன்று அங்குல ஆழமாவது மிஞ்சுகிறதா என்று பாருங்கள். மிஞ்சாவிட்டால் சுவருக்கு வெளியேதான். உள்ளே பொருத்துவதானால் அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் எடுத்து, இருப்பதில் குறைந்ததைக் கொடுக்க வேண்டும். ரோலர் துணி பிராக்கெட்டை விடக் குறுகலாகத்தான் வரும். இரு ஓரத்திலும் அரை அங்குலத்துக்குக் குறையாமல் வெளிச்சக் கோடு தெரியும். முழு இருட்டு வேண்டுபவர் இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பொருத்த வந்தவரோடு சண்டை வராது.

ஏப்ரல் 17

கூரையைப் பற்றிக் கேட்டுவிட்டு ஒன்றரை மாதமாகக் காத்திருக்கிறீர்கள். வேண்டுமென்றேதான் தள்ளிப்போட்டேன். கோயம்புத்தூர் 11 பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் 18 வாக்கில் ஒரு முறையும் ஆகஸ்டு கடைசி வாரத்தை ஒட்டி இன்னொரு முறையும் சூரியன் உங்கள் தலைக்கு நேர்மேலே வருகிறது. நாளை பகல் பன்னிரண்டு இருபதுக்கு முற்றத்தில் நின்று, கண்ணாடிக்கு நேர்கீழே வெயில் சதுரம் எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் வரைந்து படம் அனுப்புங்கள். கூரைத் திரை தடுக்க வேண்டியதன் உச்சம் அதுதான். டிசம்பரில் இதே சதுரம் வடக்கே ஒதுங்கிவிடும்.

ஏப்ரல் 19

படம் பார்த்தேன். ஊஞ்சலின் மேலேயே விழுகிறது. யாரும் உட்காராததற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

கிடைமட்டத்தில் துணி எப்போதும் தொய்யும். சுவர் ரோலரில் அடிச்சட்டத்தின் எடை துணியை இழுத்துப் பிடிக்கிறது. கூரையில் அந்த எடை கீழ்நோக்கித்தானே போகும்? அதனால் கூரை ரோலருக்கு இரு பக்கமும் வழிச்சட்டமும், எதிர்த்திசையில் இழுக்கும் விசையும், பெரும்பாலும் மோட்டாரும் தேவை. எட்டடிக்கு இவ்வளவும் சேர்ந்தால் விலை கேட்டு மயக்கம் வரும். எளிய வழி, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் இரண்டு மூன்று கம்பிகளை டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் கொக்கி) வைத்து விறைப்பாக இழுத்துக் கட்டி, துணியில் ஓரடிக்கு ஒரு வளையம் தைத்து ஓட்டுவது. மடிப்புகள் அலையலையாகத் தொங்கும், ஒரு கோலால் தள்ளினால் ஒதுங்கும். இதில் தொய்வு குறையாகத் தெரியாது.

ஆனால் இதுவும் உள்பக்கம்தான். மொட்டைமாடிக்குப் போக வழியிருந்தால் முதலில் கண்ணாடிக்கு மேலே தோட்டக்காரர்கள் வாங்கும் நிழல்வலையைக் கட்டிப் பாருங்கள். 50, 75, 90 சதவீதம் என்று கிடைக்கும், முற்றத்துச் செடிகள் பிழைக்க 50 போதும். கண்ணாடிக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியாவது இருக்கட்டும், சூடு அதில் கலைந்து போகும். கம்பியைக் கைப்பிடிச்சுவரில் கட்டுங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒரு துளைகூடப் போடக் கூடாது. போட்டால் மழை அந்தத் துளை வழியாகத்தான் வரும். கண்ணாடியின் மேல் ஏறவும் கூடாது.

வெட்டிவேர்த் தட்டி போட்டுத் தண்ணீர் தெளிக்கலாமே என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மேற்குப் பக்கம் திறந்த தாழ்வாரம் இருந்து, காற்று அதன் ஊடே புகுந்தால் அருமையான யோசனை. காற்று வறண்டிருந்தால்தான் தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். எங்கள் கடற்கரைப் புழுக்கத்தில் மணம்தான் மிஞ்சும், கோவையின் கோடையில் குளிர்ச்சியும் கிடைக்கும். திறக்காத கண்ணாடிக்கு முன்னால் மட்டும் பயனில்லை.

மே 2

படிக்கூட ரோலருக்கு மணிச்சங்கிலி வேண்டுமா, வேறு ஏதாவதா என்று கேட்கிறீர்கள். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பதாக முன்பே எழுதியிருந்தீர்கள். தொங்கும் சங்கிலி வளையம் குழந்தையின் கழுத்தில் மாட்டும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் கடையில் ஆயத்தமாக விற்கும் பிளைண்டுகள் 2018 டிசம்பர் முதல் தொங்கும் நீளக்கயிறு இல்லாமல் வர வேண்டும் என்று தரவிதியையே மாற்றும் அளவுக்கு அங்கே சாவுகள் நடந்திருக்கின்றன. சங்கிலிதான் என்றால், அதைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப் பெட்டிக்குள்ளேயே வரும். பொருத்துபவர்கள் அதைப் பையிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள், கேட்டு வாங்கிப் பொருத்தச் சொல்லுங்கள். படிக்கூடத்தில் நான் ஸ்பிரிங் ரோலரோ மோட்டாரோதான் சொல்வேன். பிள்ளைகள் படியில் நின்றால் எந்தச் சங்கிலியும் கைக்கெட்டும்.

அரைவட்ட அறைக்கு ஐலெட் திரை (துணியில் பதித்த வளையங்களுக்குள் ராடு நுழையும் திரை) போடலாமா என்று நடுவில் புகுந்து கேட்டவருக்கு: வேண்டாம். வளைந்த ராடை நடுநடுவே பிராக்கெட் தாங்கியாக வேண்டும், ஐலெட் வளையம் ஒவ்வொரு பிராக்கெட்டிலும் முட்டி நின்றுவிடும். வளைத்த அலுமினிய டிராக்கைக் கூரையில் ஏற்றி, ஓடுகொக்கி போடுங்கள்.

ஜூன் 9

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வலையைக் கொடிபோல் பறக்கவிட்டது என்ற செய்தி பார்த்தேன். ஓரத்தில் கயிறு போட்டுத் தைக்காமல் வலையின் கண்ணிலேயே கம்பியைக் கோத்திருக்கிறீர்கள், படத்தில் தெரிகிறது. நான்கு ஓரமும் மடித்து, உள்ளே நைலான் கயிறு விட்டுத் தைத்து, இரண்டடிக்கு ஒரு உலோகக் கண் அடித்துக் கட்டுங்கள். ஒரு பக்கம் கொக்கியாக இருக்கட்டும். பெருங்காற்று வருமென்றால் கழற்றிச் சுருட்டிவிடலாம்.

ரோலருக்கு ஆர்டர் கொடுக்கும் சீட்டில் அகலம், உயரம் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது துணியின் அகலமா, பிராக்கெட்டிலிருந்து பிராக்கெட் வரையா என்று எழுதுங்கள். சட்டத்துக்குள்ளா வெளியேவா, துணி சுருளின் முன்பக்கமாக இறங்க வேண்டுமா பின்பக்கமாகவா, மோட்டார் என்றால் மின்புள்ளி எந்தப் பக்கம், இவையும் சீட்டில் ஏறட்டும். இடம் வலம் என்பது அறைக்குள் நின்று ஜன்னலைப் பார்ப்பவரின் இடம் வலம் என்று ஒரு வரி சேர்த்து, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.